சொன்ன பேச்சு கேட்காத கை

1987இல் வந்த 'ஈவில் டெட் 2' படத்தில் நாயகன் ஆஷின் வலது கைக்குப் பேய் பிடித்துவிடும். கைக்கு மட்டும்தான், மற்றபடி ஆள் தெளிவாகவே இருக்கிறான். சமையலறையில் அந்தக் கை தட்டுகளை எடுத்து எடுத்து அவன் மண்டையிலேயே உடைக்கிறது. முடியைக் கொத்தாகப் பிடித்துக் குட்டிக்கரணம் அடிக்க வைக்கிறது. மயங்கி விழுந்தவனைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு வெட்டுக்கத்தி கிடக்கும் இடத்துக்கு ஊர்கிறது. பயப்படத் தயாராக உட்கார்ந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது இங்கேதான்.

அடிப்பவரும் அடி வாங்குபவரும் ஒருவரே: புரூஸ் கேம்பெல். இயக்குநர் சாம் ரைமியின் பள்ளிக்காலத் தோழர்.

இந்த நடிப்பு ஏன் கடினம் என்று அறிய, உங்களுக்கு நீங்களே கிச்சுகிச்சு மூட்டிப் பாருங்கள். சிரிப்பே வராது. கையை அசைக்கச் சொல்லும்போதே, அது எங்கே எப்போது படும் என்பதையும் மூளை கணித்துவிடுகிறது. எதிர்பார்த்த தொடுகை மங்கிப்போகிறது. இதில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு என்று நரம்பியல் ஆய்வாளர் சாரா-ஜேன் பிளேக்மோர் குழுவினர் 1998இல் மூளை ஸ்கேன் மூலம் காட்டினார்கள். ஆக, கேம்பெலின் மூளைக்கு ஒவ்வொரு அடியும் முன்கூட்டியே தெரியும். முகத்துக்கு மட்டும் தெரியக் கூடாது! அழுவதைவிட இது பெரிய நடிப்பு என்பேன்.

நடிக்காமலே இப்படி ஆகிறவர்களும் உண்டு. தன் இடது கை தன் கழுத்தையே நெரிக்க வந்த ஒரு பெண்ணைப் பற்றி ஜெர்மன் மருத்துவர் கூர்ட் கோல்ட்ஸ்டீன் 1908இல் எழுதினார். 'ஏலியன் ஹேண்ட்' என்று இன்று சொல்லப்படும் கோளாறு இது. ஒரு கை சட்டைப் பொத்தானைப் போடப் போட, மறு கை கழற்றிக்கொண்டே வரும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் சுமார் 20 கோடி நரம்பிழைகள் கொண்ட கார்பஸ் கலோசம் பழுதானால், வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இடது கைதான் முரண்டு பிடிக்கும். மூளையின் முன்மடலில் உட்புறம் அடிபட்டால் வலது கை, கண்ட பொருளையெல்லாம் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்னும். ஆஷின் கை இந்த ரகத்துக்குத்தான் கிட்டே வருகிறது. ரைமி நரம்பியல் படித்துவிட்டுப் படமெடுத்தார் என்று நான் நம்பவில்லை.

ஆஷ், மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தால் கையையே துண்டித்துவிடுகிறான். நிஜத்தில் 'ஏலியன் ஹேண்ட்' கோளாறுக்கு மருத்துவத்தில் உறுதியான மருந்து இன்னும் இல்லை. ஆனால் அந்தக் கையில் ஒரு ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டால், பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்த நிம்மதியில் பல நேரம் அது வேறு வம்புக்குப் போவதில்லை.