உப்பளத்துல சிக்னல் ஏன் தள்ளாடுது?

இ.சி.ஆர். வழியா பாண்டி டூர் போறீங்களா மக்களே? மரக்காணம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்புங்க. பாத்தி பாத்தியா உப்பளம். நடுவுல கட்டடம் எதுவும் இல்லை. ‘அப்போ செல்போன் சிக்னல் சூப்பரா இருக்கும்’னு தோணுதா? அங்கதான் ட்விஸ்ட்!

டவர் அலை நேராவும் வரும். பாத்தியில நிக்கிற உப்புத்தண்ணியில பட்டுத் தெறிச்சும் வரும். ரெண்டும் கைகோத்தா சிக்னல் எகிறும். எதிரும் புதிருமா வந்தா படுத்துடும். இதுவும் ஒரு வகை ஃபேடிங்.

‘ஒரு ஆன்டெனா படுத்தா இன்னொண்ணு காப்பாத்தும்’ங்கிறதுதான் பல ஆன்டெனா டெக்னிக். 1998-ல் சியாவாஷ் அலமூட்டி சொன்ன வழி ரொம்ப சிம்பிள். ரெண்டு ஆன்டெனா, ரெண்டு தகவல் துண்டு. முதல்ல ஆளுக்கொண்ணு அனுப்பும். அடுத்து இடம் மாத்தி, கொஞ்சம் வேஷமும் மாத்தி அனுப்பும். ஆக, ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு பாதை!

ஆனா, சிமுலேஷன்ல நாம என்ன பண்றோம்? ரெண்டு பாதையும் சம்பந்தமே இல்லாம ஏறி இறங்கும்னு எடுத்துக்கறோம். அதான் பாடப்புத்தக ‘ரேலே’ சேனல். கட்டட நெரிசல்ல அது ஓரளவு சரி. வெட்டவெளியில அலையைச் சிதறடிக்க ஆளில்லையே! பக்கத்துப் பக்கத்து ஆன்டெனாக்கள் ஜோடியாவே படுத்துடலாம்.

இதை அப்பவே யோசிச்சவர்கள்ல ஒருத்தர், திருச்சி ஆர்.இ.சி.யில் (இப்போ என்.ஐ.டி.) 1982-ல் பி.இ. முடிச்ச நம்பி சேஷாத்ரி. ஏ.டி. அண்ட் டி. ஆய்வகத்துல தாரோக், கால்டர்பேங்க்கோட சேர்ந்து 1998 மார்ச்சில் ‘ஸ்பேஸ்-டைம் கோடு’களுக்கு விதி வகுத்தார். எந்த ரெண்டு செய்தியை எடுத்தாலும், அதுங்களுக்குள்ள இருக்கிற வித்தியாசம் எல்லா ஆன்டெனாவிலும் தெரியணும். ஒண்ணு இன்னொண்ணோட நகலா இருக்கக்கூடாது. நேரலை ஓங்கி நிக்கிற ‘ரைசியன்’ சேனலையும், ஆன்டெனாக்கள் ஒட்டி உறவாடுற நிலைமையையும் அதிலேயே அலசினாங்க. சேனல் மெதுவா மாறினாலும் வேகமா மாறினாலும் தாங்குற கோடும் கொடுத்தாங்க. 1999-ல் வந்த அடுத்த கட்டுரை, ரிசீவர் சேனலைத் தப்பா கணிச்சா என்ன ஆகும்னு பார்த்தது.

எந்தக் கோடும் மாயம் பண்ணாது பாஸ். ஆனா நல்ல கோடு, இடம் மாறினதும் தடால்னு கவுந்துடாது. கோடு எழுதறவருக்குத் தெரியாதே, கடைசியில அந்த போன் பாரிமுனையில அடிக்குமா, கரைக்குத் திரும்புற மரக்காணம் படகுல அடிக்குமான்னு!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ரேலே கிராஃபோட நிறுத்தாதீங்க. ரைசியனையும் ஒரு ஓட்டு ஓட்டுங்க. கோடு கவுந்தா, வைவாவுக்கு முன்னாடியே கவுறது நல்லதுதானே?