மலைநாட்டுப் பழங்காரும் மஞ்சள் விளக்கும்

மோட்டார்க் காரின் முகப்பில் எத்தனையோ விளக்குகள் உண்டு. ஆயினும் எஞ்சின் வடிவத்தில் மஞ்சளாக எரியும் அந்தச் சிறு விளக்கைப் போல் ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைப்பது பிறிதொன்றில்லை. கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் விளக்கு அணையாது. கராஜில் அணைத்துக் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் மீண்டும் எரியும். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் செல்வர்களின் வாகனமாக இறங்கி, கைமாறிக் கைமாறி இன்று நடுத்தரக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பென்ஸ், பி.எம்.டபிள்யூ. போன்ற கார்களில் இத்தொல்லை மிகுதி.

கந்தப்பளையை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து ரகலை வரை ஓடிய சிறு ரயில் 1940களில் மறைந்த பின், மரக்கறி மூட்டைக்கும் மணப்பெண்ணுக்கும் பாதை ஒன்றே கதி. நள்ளிரவில் நோயாளியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அயல் வீட்டுக் காரைத் தேடி ஓடும் நிலை இன்றும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழங்காரைப் பேணியவர்கள் ஆடம்பரத்துக்காக அதனைப் பேணவில்லை. ஆகவே இந்த விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்து வைப்பது நன்று.

விளக்கின் பின்னால் ஒரு கணிப்பொறிப் பெட்டி இருக்கிறது. எரிந்த புகையில் மிஞ்சிய பிராணவாயுவை அளக்கும் உணர்கருவியை 1976இல் வொல்வோ நிறுவனம் தன் கார்களில் பொருத்தியது. 1979இல் போஷ் நிறுவனத்தின் மோட்ரோனிக் என்னும் ஏற்பாடு, பெற்றோலையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியின் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டிலிருந்தும், ஐரோப்பாவின் பெற்றோல் கார்களில் 2001இலிருந்தும், பிழைகளைப் பொதுவான குறியீடுகளால் அறிவிக்கும் முறை கட்டாயமாயிற்று. அன்றிலிருந்து கையடக்கக் கருவியொன்றைச் செருகினால் ‘பி 0171’ என்பது போன்ற எண் தோன்றிவிடுகிறது.

தொல்லை தொடங்குவதே இந்த எண்ணிலிருந்துதான் என்பேன்! பி 0171 என்றால் ‘எரிகலவையில் பெற்றோல் குறைவு’ என்று பொருள். உடனே பிராணவாயு உணர்கருவியை மாற்றுகிறார்கள். விளக்கு மீண்டும் எரிகிறது. காற்றை அளக்கும் கருவியை மாற்றுகிறார்கள், மீண்டும் எரிகிறது. அடுத்தது பெற்றோல் பம்ப். இப்படி ஒரு மாதச் சம்பளமும் அதற்கு மேலும் கரைந்துபோன வீடுகள் உண்டு. அந்த எண்ணோ எந்தப் பாகத்தையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ‘கலவை ஒத்துவரவில்லை’ என்று சாட்சி மட்டும் கூறியது. சாட்சியையே பிடித்துச் சிறையில் அடைத்தால் வழக்கு எப்படித் தீரும்?

சிலர், “மலைக் காற்று மெலிந்தது, அதனால்தான் எரிகிறது” என்று மலைமீது பழிபோடுவார்கள். கந்தப்பளை ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலுள்ளது. கொழும்போடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதை அவ்வூர்த் தாய்மார் நன்கறிவர். எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அதே பங்கு குறையும். ஆனால் விளக்கு எரிய இது காரணமன்று. இத்தகைய கார்களில் பலவற்றில் காற்று வரும் வழியில் சூடேற்றிய மெல்லிய இழை அல்லது தகடு ஒன்று உண்டு. காற்று மெலிந்தால் அது குறைவாகக் குளிரும். பெட்டி அதைக் கண்டு பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும். மலை செய்வதெல்லாம், மறைந்திருந்த பலவீனத்தை வெளியே கொண்டுவருவதுதான்.

கலவைப் பிழைக்கு அடிக்கடி காரணமாவது, காற்றை அளக்கும் கருவிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாயின் வெடிப்பு. கலியாண வீட்டு வாசலில் ஒருவர் நின்று தலைகளை எண்ணி அடுப்படிக்குச் சொல்லியனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொல்லைப்புறத்தால் நுழைந்துவிட்டால் பந்தியில் சோறு போதாது. வெடிப்பு வழியே நுழையும் காற்றும் அப்படிப்பட்ட விருந்தாளியே. பெட்டி மேலும் மேலும் பெற்றோல் ஊற்றிப் பார்க்கும். நூற்றுக்கு 25 பங்களவு கூட்டியும் ஒத்துவராதபோது, பல கார்களில் விளக்கு எரிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முப்பது பேரே வந்த வீட்டில் அந்தப் பத்துப் பேர் பெருங் குழப்பம். ஆயிரம் பேர் கூடிய வீட்டில் அவர்களை யாரும் கவனியார். அதுபோலவே, கார் நின்ற நிலையில் மெதுவாக இயங்கும்போது பெற்றோல் திருத்தம் மிக உயர்ந்தும், நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் தாழ்ந்தும் காணப்பட்டால் காற்றுக்கசிவையே சந்தேகிக்க வேண்டும். மாறாக, லபுக்கலை ஏற்றம் போன்ற இடத்தில் எஞ்சின் திணறும்போதுதான் திருத்தம் உயர்கிறதென்றால் பெற்றோல் பம்பையும் வடிகட்டியையும் பாருங்கள். காற்றளவைக் கருவியில் அழுக்குப் படிந்திருக்கவும் கூடும். கசிவு என்று தெரிந்தபின், உட்குழாயில் புகையைச் செலுத்தி எங்கே கசிகிறது என்று பார்க்கும் கராஜை நாடலாம். இருபது நிமிடச் சோதனை மூன்று பாகங்களின் விலையை மிச்சப்படுத்தும்.

பழைய பென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கதை உண்டு. 1990களின் முற்பகுதியில் வந்த டபிள்யூ 124 வகையில், எம் 104 என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட கார்கள் உறுதிக்குப் பேர்போனவை. ஆனால் அவற்றின் எஞ்சின் வயர்க் கட்டு மட்டும் விதிவிலக்காயிற்று. சுற்றுச்சூழலுக்குக் கேடற்ற பொருளைத் தேடி வயரின் மேலுறையைச் செய்ததன் விளைவு என்பார்கள். எப்படியாயினும், எஞ்சின் சூட்டில் அந்த உறை காய்ந்து, பழைய அப்பளம் போல் நொறுங்கி உதிர்ந்தது. உள்ளே செம்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டன. இன்றைக்குத் தீப்பொறிப் பிழை, நாளைக்குக் காற்றளவைப் பிழை, மறுநாள் எஞ்சின் நடுக்கம் என்று நோய் உருமாறிக்கொண்டே இருக்கும். விலையுயர்ந்த கணிப்பொறிப் பெட்டியும் இதனால் கருகுவதுண்டு. தொடர்பற்ற பிழைகள் பல தோன்றினால், எந்தப் பாகத்தையும் வாங்குமுன் வயர்க் கட்டின் வெளியுறையைச் சற்று விலக்கிப் பாருங்கள். விரலில் தூள் உதிர்ந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. கட்டையே மாற்ற வேண்டும்.

அதனினும் மலிவான சோதனை பற்றரி. ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டி நிற்கும். பற்றரி தளர்ந்தாலும், எஞ்சினைக் காரின் உடலோடு இணைக்கும் கம்பியில் துரு ஏறினாலும், பல விளக்குகள் கார்த்திகைத் தீபம் போல் ஒருங்கே எரியும். அதைக் கண்டு அஞ்சி, பற்றரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்பது சிலர் வைத்தியம். பல கார்களில் அது பிழையின் பதிவை அழித்துவிடும். எஞ்சின் எத்தனை பாகை சூட்டில், என்ன வேகத்தில் இருந்தபோது பிழை நேர்ந்தது என்ற குறிப்பும் அந்தப் பதிவோடு போய்விடும்.

ஆகவே காரில் ஒரு கொப்பி வைத்திருங்கள். விளக்கு எரிந்தது மூடுபனிக் காலையிலா, ஏற்றத்திலா, பெற்றோல் நிரப்பியவுடனா என்று எழுதிவையுங்கள். நனைந்த காலையில் மட்டும் தோன்றும் பிழை, வெயில் காயும் கொழும்புக் கராஜில் தன்னைக் காட்டாது. தீப்பொறிக் கம்பிகளில் ஈரம் இறங்கியிருந்தால், இருட்டில் பொனற்றைத் திறந்து எட்ட நின்று பார்க்கும்போது நீலப் பொறிகள் தெரியும். கையை மாத்திரம் அருகே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்றும் மாணவர் உட்பட எல்லோரும் அறியவேண்டும். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக வீடு சேரலாம். அது விட்டுவிட்டு மினுக்கினால், எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குச் சென்று அங்குள்ள வடிகலத்தைக் கெடுக்கிறது என்று பொருள்; வேகத்தைக் குறைத்து விரைவில் ஓரங்கட்ட வேண்டும். எண்ணெய்க் குப்பி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தாலோ அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்தவேண்டும்.

பழுது உண்மையில் தீர்ந்ததா என்று அறியவும் பொறுமை தேவை. பொதுக் குறியீட்டு முறைக் கார்களில், தொடர்ந்து மூன்று பிரயாணங்களில் அப்பிழை காணப்படாவிட்டால் விளக்கு தானே அணையும். குறியீடு நினைவிலிருந்து நீங்க, எஞ்சின் குளிர்ந்து சூடேறுவது சுமார் 40 முறை நிகழவேண்டும். கராஜில் பணம் செலுத்தும் வேளையில் விளக்கு அணைந்திருப்பது கருவியால் அழித்ததாகவும் இருக்கலாம். மறுநாள் விடியற்காலைக் குளிரில் காரைக் கிளப்பி, ரகலைப் பக்கம் ஒருமுறை போய்வந்து, அதற்கடுத்த இரண்டு காலைகளிலும் அவ்வாறே செய்தபின் கொப்பியை எடுத்து எழுதுங்கள்.