எலும்புக்கூட்டின் இடது கை

அக்டோபர் 31, சாயங்காலம். நியூயார்க்கின் ஆறாவது அவென்யூவில், கெனால் தெருப் பக்கம் ஒருவர் நீளக் கழி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கழியின் நுனியில் முறம் அளவுக்கு விரல் விரித்த வெள்ளைக் கை. என்ன வேஷம் என்று கேட்டால், ‘இடது கை’ என்பார். வலது கை இன்னொருவரிடம். தலையும் முதுகெலும்பும் மூன்றாமவர் தோளில், புத்தகப் பைபோல வார் போட்டு மாட்டிய சட்டத்தில். மூன்று பேரும் கூடினால்தான் ஓர் எலும்புக்கூடு.

கிரீனிச் வில்லேஜ் ஹாலோவீன் ஊர்வலத்தின் முகப்பில் ஆடிப்போகிறவை இந்த எலும்புக்கூடுகள்தான். தூக்குகிறவர்கள் பெரும்பாலும் தொண்டர்கள். சம்பளம் கிடையாது. பேர் தெரியாது. பல நேரம் முகமே தெரியாது.

இந்த ஊர்வலத்தைத் தொடங்கியவர் ரால்ஃப் லீ. முகமூடியும் பொம்மையும் செய்கிற நாடகக்காரர். ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வீட்டுக் கதவைத் தட்டிய சுறா இவர் கைவேலை. 1974-ல், நாடகத்துக்காகச் செய்து வைத்திருந்த பொம்மைகளை எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு தெருவில் இறங்கினார். குறுகிய தெருக்கள், பொம்மை தலையை நீட்டினால் மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கும். கூட்டம் பெருகப் பெருக அந்தச் சுகம் போனது. அகலமான ஆறாவது அவென்யூவுக்கு ஊர்வலம் மாறியது. 1980-களின் நடுவில் ஜீன் ஃபிளெமிங் பொறுப்பேற்றார். லீ 2023-ல் காலமானார்.

இன்றும் சேர்வதற்கு ஒரே தகுதி வேஷம். அட்டைப் பெட்டியைத் தலையில் கவிழ்த்து வந்தாலும் வரிசையில் இடம் உண்டு. வேஷம் போட மறந்தவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஊர்வலம் ஏழு மணிக்கு. அதற்கு வெகுநேரம் முன்பே வந்து காத்திருக்க வேண்டும். ஊர்வலத்தில் கஷ்டமான வேலை அதுதான் என்பேன். குளிர் ஏறும். முகத்துச் சாயம் காய்ந்து இழுக்கும். கழிப்பறைக்குப் போவதென்றால் வாலைச் சுருட்டி, இறக்கையைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ‘திரில்லர்’ பாட்டுக்கு நடனம் கற்றுக்கொண்டு வந்த பிண வேஷக் கூட்டத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. குளிர்ந்தால் இன்னொரு தரம் ஆடிப் பார்த்துக்கொள்வார்கள்.

பொம்மை தூக்குகிறவருக்குப் பாரம் பெரிய சங்கதி இல்லை. காற்றுதான் எதிரி. குறுக்குத் தெரு வரும்போதெல்லாம் பக்கவாட்டில் ஒரு வீச்சு வரும். கழியைக் கொஞ்சம் சாய்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு கையும் ஒரே நேரத்தில் அசைந்தால் பொம்மை மரக்கட்டை ஆகிவிடும். தலை முதலில் திரும்ப வேண்டும், ஒரு மூச்சு கழித்துக் கை போக வேண்டும். அப்போதுதான் அது எதையோ பார்த்துவிட்டுக் கை நீட்டியதாகத் தோன்றும். தலை எங்கே திரும்பும் என்று இடது கைக்காரர் அண்ணாந்து கவனித்தபடியே நடக்கிறார். மறுநாள் கழுத்து வலிக்காமல் இருக்குமா?

2012-ல் சாண்டி புயல், 2020-ல் கொரோனா: அந்த இரண்டு வருடமும் ஊர்வலம் இல்லை. 2001-ல் இரட்டைக் கோபுரம் விழுந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. ஊர்வலம் நடந்தது, சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவையோடு. 2017-ல் ஹாலோவீன் அன்று பிற்பகலிலேயே, நடந்துபோகிற தூரத்தில், சைக்கிள் பாதையில் டிரக் ஏற்றி 8 பேரைக் கொன்றான் ஒருவன். அன்று ராத்திரியும் வேஷக்காரர்கள் வந்தார்கள். இரு பக்கமும் போலீஸ் நிற்க, நடந்தார்கள்.

தடுப்புக்குப் பின்னால், அப்பாவின் தோளில் ஒரு குழந்தை. எலும்புக்கூட்டின் தலை அதன் பக்கம் திரும்புகிறது. இடது கை மெல்லத் தாழ்ந்து வருகிறது. குழந்தை தயங்கி, ஒரு விரலைப் பிடித்து ஆட்டிவிட்டு, மேலே இருக்கும் மண்டையோட்டைப் பார்த்துச் சிரிக்கிறது. கழிக்குக் கீழே நிற்கிறவரும் சிரிக்கிறார், கண்களை மேலேயே வைத்துக்கொண்டு. தலை அடுத்த பக்கம் திரும்பப் போகிறது.