ஷிப்பா, ஷீப்பா? மதிய இடைவேளையில் ஒரு உச்சரிப்புப் பாடம்

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சீன நண்பர் இருக்கிறார். வட சீனாவில் படித்துவிட்டு, என்னைப் போலவே வேலைக்காக இங்கு வந்தவர். டேட்டாபேஸ் எங்கே மாட்டிக்கொண்டாலும் எல்லோரும் அவரைத்தான் தேடுவோம். ஆனால் மீட்டிங்கில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கும் சாட்டில்தான் பதில் அனுப்புவார்.

காரணம் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்களுடன் நடந்த ஒரு கூட்டத்தில், எக்செல் ஷீட்டைத் திறக்கச் சொன்னார். 'ஷீட்' கொஞ்சம் குறுகி, கெட்ட வார்த்தையாக விழுந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு அவர் பேசுவதையே குறைத்துக்கொண்டார். அடுத்த மதிப்பீட்டில் 'தகவல் தொடர்புத் திறன் போதாது' என்று சொல்லி, டீம் லீட் பொறுப்பை அவருக்குத் தரவில்லை. எனக்குத் தந்தார்கள். சந்தோஷப்பட முடியவில்லை. மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாளில் அவரே வந்து கேட்டார். "தினமும் பத்து நிமிஷம் எனக்கு உச்சரிப்பு சொல்லித் தர முடியுமா?"

நம்மாளுக்கு இங்கிலீஷ் வாத்தியார் வேலை என்றால் கேட்கவா வேணும்! உடனே ஒப்புக்கொண்டேன். அப்புறம்தான் விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்று புரிந்தது.

ஆங்கிலத்தில் உயிரெழுத்துகள் ஐந்துதான். ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பில் உயிர் ஒலிகள் ஏறக்குறைய இருபது. 'ஷிப்' என்றால் கப்பல், 'ஷீப்' என்றால் செம்மறி ஆடு. 'ஃபுல்' என்றால் நிறைந்தது, 'ஃபூல்' என்றால் முட்டாள். நமக்குக் குறில், நெடில் என்று ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கிவிடுகிறார்கள். சீன மொழியான மாண்டரினில் குறில் நெடிலை வைத்துப் பொருள் மாறுவதில்லை. அதனால் 'டிஸ்க் ஃபுல்' என்று அவர் சொன்னால், டிஸ்க்கை முட்டாள் என்று திட்டுவது மாதிரி இருக்கும்.

சின்ன அட்டைகளில் இந்த ஜோடிச் சொற்களை எழுதிக்கொண்டோம். நான் ஒன்றைச் சொல்வேன், அவர் எந்த அட்டை என்று காட்ட வேண்டும். முதல் நாள் பாதிக்குப் பாதி தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். அப்போதுதான் உறைத்தது. பிரச்சினை அவர் நாக்கில் மட்டும் இல்லை, முதலில் காதில் இருக்கிறது. காதுக்குப் பிரித்துக் கேட்கத் தெரியாததை வாய் எப்படிப் பிரித்துச் சொல்லும்? முதல் இரண்டு வாரம் அவரைப் பேசவே விடவில்லை, கேட்கச் சொன்னேன்.

பிறகு நம்ம தொல்காப்பியர் உதவிக்கு வந்தார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். 'ஷிப்'புக்கு ஒரு சொடக்கு, 'ஷீப்'புக்கு இரண்டு சொடக்கு என்று கேன்டீனில் உட்கார்ந்து பயிற்சி செய்தோம். இது பாதிதான் பலித்தது. ஏனென்றால் ஆங்கிலத்தில் வித்தியாசம் நீளத்தில் மட்டும் இல்லை. 'ஷீப்'புக்கு உதடு சிரிப்பது போல விரியும், நாக்கு மேலே போய் இறுகும். 'ஷிப்'புக்கு இரண்டும் தளர வேண்டும். 'ஃபூல்' சொல்ல உதட்டை நன்றாகக் குவிக்க வேண்டும், 'ஃபுல்' சொல்ல அந்தக் குவிப்பைத் தளர்த்த வேண்டும். மொபைல் கேமராவைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகினார்.

அடுத்தது படுக்கையைக் குறிக்கும் 'பெட்'டும், மோசம் என்று பொருள்படும் 'பேட்'டும். இங்கேதான் வாத்தியாரே மாட்டினார். என் 'பேட்'டைக் கேட்டுவிட்டு, "நீ சொல்வதும் சரியில்லையே" என்றார். உண்மைதான். தாடையை நன்றாகக் கீழே இறக்கிச் சொல்ல வேண்டிய அந்த ஒலி தமிழில் கிடையாது. நாம் 'ஏ' போட்டுச் சமாளிக்கிறோம். பஸ்ஸில் கார்டைத் தட்டுவதும் நமக்கு 'டேப்', ஒட்டுகிற நாடாவும் 'டேப்'. சாயங்காலம் ஸ்நாக்ஸ் சாப்பிடலாம் என்று கூப்பிட்டு, பாம்பு சாப்பிட அழைப்பவர்கள் நாம்! இத்தனை வருஷமாக யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அல்லது என் முன்னால் சிரிக்கவில்லை.

பதிலுக்கு அவர் எனக்குச் சீனம் சொல்லித் தந்தார். 'வாங்கு' என்பதற்கும் 'மாய்', 'வில்' என்பதற்கும் 'மாய்'. தொனி மட்டும்தான் வேறு. ஒன்று தாழ்ந்து எழும், மற்றது சரேலென்று விழும். பத்து தடவை கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. 'ஷிப், ஷீப்' கேட்டபோது அவர் முகம் எப்படி இருந்ததோ, அப்படித்தான் என் முகமும் இருந்திருக்கும்.

அந்தத் தொனியே ஒரு வழியும் காட்டியது. அவர்கள் மொழியில் 'மாமா' என்றால் அம்மா. முதல் 'மா' உயர்ந்து ஒலிக்கும், இரண்டாவது லேசாகத் தேய்ந்துவிடும். "கம்ப்யூட்டர் என்பதிலும் 'ப்யூ'வை மட்டும் அழுத்து, மற்றதை உன் இரண்டாவது 'மா' போல விடு" என்றேன். சட்டென்று பிடித்துக்கொண்டார். நமக்கும் இது புதிதல்ல. 'பட்டு', 'காசு' என்று சொல்லும்போது கடைசி உகரம் குறுகி ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரம் போலத்தான்.

ஆறு மாதம் ஆகிறது. அவர் ஒன்றும் லண்டன்காரர் ஆகிவிடவில்லை. ஆகவும் வேண்டாம். இந்த ஊர் அன்றாட ஆங்கிலத்திலேயே 'ஷிப்'பும் 'ஷீப்'பும் பல சமயம் ஒன்றாகத்தான் ஒலிக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' என்று இயக்கம் நடத்தும் நாடு இது. எதிரில் இருப்பவருக்கு முதல் தடவையே புரிந்தால் போதும் என்பதுதான் எங்கள் கணக்கு.

போன வாரம் வாடிக்கையாளர் அழைப்பில் அவரே பேசினார். 'ஷீட்' வந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, நிதானமாக நீட்டிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மதிப்பீட்டில் அவருக்காக என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

வெளிநாட்டில் நம்மில் பலர் சீனர்களின் ஆங்கிலத்தைக் கிண்டலடிக்கிறோம். நம் வாயில் இல்லாத ஒலிகள் எத்தனை என்று யோசிப்பதில்லை. புரியவில்லை என்றால் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டால் போதும். அன்று அந்தக் கூட்டத்தில் நான் அதைக் கேட்டிருக்க வேண்டும்.