மருந்துப் புட்டியும் காய்கறிக் கூடையும்

1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பூச்சிமருந்து கலந்த கோதுமை மாவை உண்டு நூறு பேருக்கு மேல் இறந்தனர். அதையொட்டி நடந்த விசாரணையின் விளைவே 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். உணவுக்கெனத் தனியே 2006-இல் இயற்றப்பட்ட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. முதல் சட்டத்தை வேளாண்மைத் துறையும் இரண்டாவதை உணவுப் பாதுகாப்புத் துறையும் கவனிக்கின்றன. நுகர்வோர் தவிப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மருந்துப் புட்டியின் சீட்டில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கொடியது. மஞ்சள், நீலம், பச்சை என்று படிப்படியாகக் குறையும். பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளல்ல. நிறத்தைவிட முக்கியம் புட்டியுடன் வரும் துண்டுப்பிரசுரம். எந்தப் பயிருக்கு அடிக்கலாம், கடைசியாக அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். நெல்லுக்குப் பதிவான மருந்தைக் கத்தரிக்கு அடித்தாலோ, அந்த நாள் கணக்கு முடியுமுன் பறித்தாலோ, காயில் தங்கும் மருந்தின் எச்சம் அனுமதித்த வரம்பை மீறக்கூடும்.

அந்தக் கத்தரிக்காய் திருநெல்வேலி டவுண் நயினார்குளம் மார்க்கெட்டுக்கு வரும்போது அதன்மேல் எந்தச் சீட்டும் இருக்காது. பொட்டல உணவிலும் சேர்மானம், சத்து விவரம், தேதி போன்றவற்றையே அச்சிட வேண்டும். மருந்து எச்சத்தை அல்ல. இத்தனைக்கும், தட்டில் வைத்து விற்கும் அல்வாவுக்குக்கூட எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டுமென 2020 அக்டோபர் 1 முதல் விதி உண்டு.

எச்சம் பற்றிய பேச்சு நாடாளுமன்றம் வரை போனதற்குக் காரணம் அரசு அல்ல. 2003-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களைச் சோதித்து முடிவை வெளியிட்டது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அதை விசாரித்தது. கேடான உணவு வாழும் உரிமைக்கே ஆபத்து என்று 2013-இல் உச்சநீதிமன்றம் கூறியது.

சாதாரணக் குடிமகனுக்கும் ஒரு வழி உண்டு. உணவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, பொருள் வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி அதைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். அறிக்கை 14 நாளில் வர வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. மருந்து எச்சத்துக்கான சோதனை அங்கு நடக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்கிறது 65-ஆம் பிரிவு.

மருந்தடித்து மயங்கி விழும் கூலித்தொழிலாளிக்கு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியோர் இழப்பீடு இல்லை. இது பெருங்குறை. ஆபத்தான மருந்தை மாநில அரசு தானாக 60 நாள் வரையும், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள் வரையுமே நிறுத்தி வைக்க முடியும். தமிழக அரசு ஆறு மருந்துகளுக்கு அப்படித் தடை விதித்தது. நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். ஆகவே தடை கேட்டுக் கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் மனுவின் நகல் டெல்லிக்கும் போக வேண்டும்.

விவசாயியும் நுகர்வோரே. மருந்தில் குறையிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அதற்கு உரக்கடை பில்லையும் புட்டியையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.