வாவிக்கரையில் ஒரு தாவரப் பாடம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், எழுவான்கரையின் தென்பகுதியில் அமைந்துள்ளது பெரியகல்லாறு. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி. அவ்வாவி கடலோடு கலக்கும் வாயில்கள் இரண்டு. ஒன்று வடக்கே பாலமீன்மடுவிலும், மற்றையது தெற்கே இக் கல்லாற்றிலும் உள்ளன. மாரி வெள்ளம் பெருகும்போது வாயில் திறக்கிறது. கோடையில் அலைகள் குவிக்கும் மணலால் அடைபடுகிறது. ஆகவே வாவிநீரின் உவர்ப்பு ஒரு காலத்தில் மிகும். ஒரு காலத்தில் குறையும்.

நம் வீட்டு வளவில் நீரூற்றி வளர்க்கும் கத்தரியும் மிளகாயும் இந்நீரில் உயிர் தரிக்குமா? ஒருபோதும் தரிக்கமாட்டா. ஆயினும் வாவியின் ஓரங்களிலே கண்டலும் கண்ணாவும் தில்லையும் பசுமையாக நிற்கின்றன. மற்றைய செடிகளுக்கு நஞ்சாகும் உப்புநீர் இவற்றுக்கு மட்டும் வாழ்வளிப்பது எங்ஙனம்? இதனை அறிய, முதலில் தாவர குலத்தின் கதையைச் சுருக்கமாக நோக்குவோம்.

நீரை நம்பிய குலங்கள்

பச்சைத் தாவரங்கள் யாவற்றுக்கும் பொதுவான தொழில் ஒன்று உண்டு. நீரையும் கரியமிலவாயுவையும் கொண்டு, சூரிய ஒளியின் துணையால் அவை தமக்கு வேண்டிய வெல்லத்தைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. அப்போது வெளிவிடும் பிராணவாயுவே நாம் சுவாசிக்கும் மூச்சு. உணவாக்கும் முறையில் ஒன்றுபட்ட இக்குலங்கள், இனம்பெருக்கும் முறையில் வேறுபட்டு நிற்கின்றன.

மிகப் பழையவை நீர்ப்பாசிகள். வேர், தண்டு, இலை என்ற பாகுபாடு இவற்றுக்கு இல்லை. நீரிலேயே வாழ்ந்து நீரிலேயே பெருகுகின்றன. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தாவரங்கள் தரையேறின. கிணற்றுக்கட்டில் மென்பட்டுப் போலப் படரும் சுவர்ப்பாசி அக்காலத்து உறவினரை நமக்கு நினைவூட்டுகிறது. நீரை மேலே கொண்டுசெல்லும் குழாய்கள் இல்லாமையால் அது உயர்ந்து வளர்வதில்லை. அடுத்து வந்தது பன்னம். அதற்குக் குழாய்களும் வேரும் உண்டு. ஆனால் பூ இல்லை, வித்தும் இல்லை. இலையின் அடிப்புறத்தில் கபில நிறப் பொட்டுகளாகத் தோன்றும் வித்திகளே அதன் வழித்தோன்றல்களைப் பரப்புகின்றன.

பாசிக்கும் பன்னத்துக்கும் ஒரு குறை பொதுவாக உள்ளது. ஆணுயிரணு நீந்திச் சென்றே பெண்ணுயிரணுவை அடையவேண்டும். அதற்கு ஒரு துளி நீராவது வேண்டும். மழை பொய்த்தால் மணமும் இல்லை, மகவும் இல்லை.

வித்தின் வெற்றி

இக்கட்டை அறுத்தது மகரந்தம். ஆணணுவை ஒரு தூளுக்குள் அடக்கி, காற்றின் கையிலோ வண்டின் காலிலோ கொடுத்தனுப்பும் வழி பிறந்தது. கருவையும் அதற்கு வேண்டிய உணவையும் ஓர் உறையுள் வைத்துக் கட்டிய பொதியே வித்து. மலைநாட்டுச் சரிவுகளில் நடப்பட்டுள்ள பைன் மரங்களில் வித்துக்கள் கூம்புகளின் செதில்களுக்கிடையே மூடப்படாது இருக்கின்றன. மாவிலும் பலாவிலும் நெல்லிலும் வித்தைச் சூலகம் மூடிக் காக்கிறது, அச்சூலகமே கனியாகிறது. பூக்கும் தாவரங்கள் எனப்படுபவை இவையே. இன்று நிலத்தில் வாழும் தாவர இனங்களுட் பெரும்பாலானவை இக்குலத்தைச் சேர்ந்தன.

தென்னையில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே பாளையில் இருக்கின்றன. பனையிலோ ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பனையைப் போலவே தில்லையிலும் ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனியே உள்ளன. இதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு விளையலாம் என்பதனால் விறகு வெட்டுவோர் இதனிடம் எச்சரிக்கையாயிருப்பர். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்ததும் இம்மரமே.

உப்பை வென்ற வகை

மீனுக்கு உப்பிட்டு வைத்தால் அதிலிருந்து நீர் கசிந்து வெளிவருவதை நம் தாய்மார் அறிவர். கத்தரிச் செடிக்கு உப்புநீர் ஊற்றினாலும் அதுவே நிகழ்கிறது. வேரைச் சூழ்ந்த உப்பு, வேருக்குள் நீர் புகாது தடுக்கிறது. உள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுக்கிறது. செடி நீரின் நடுவே நின்று தாகத்தால் மடிகிறது.

கண்டல் இதனை வென்ற விதம் வியத்தற்குரியது. அதன் வேர் உப்பின் பெரும்பகுதியை வடித்து வெளியே நிறுத்திவிட்டு நீரை மட்டும் உள்ளே விடுகிறது. கண்ணாவோ ஓரளவு உப்பை உள்ளே ஏற்று, இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய பின் அதன் இலைமீது உப்புப் படிந்திருப்பதைக் காணலாம்.

மூச்சுவிடுதல் மற்றுமொரு சிக்கல். வாவிச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் எழுகிறதன்றோ? பிராணவாயு அங்கே இல்லை என்பதற்கு அதுவே அடையாளம். வேர்களும் சுவாசிக்க வேண்டியவை. ஆதலால் கண்டல், தண்டிலிருந்து வளைந்திறங்கும் மிண்டிவேர்களின் துளைகளால் காற்றை ஏற்கிறது. கண்ணாவைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கிற் பென்சில்களை நட்டாற்போல மேலெழும் சுவாசவேர்களும் அத்தொழிலையே செய்கின்றன.

தாய்மடியில் முளைக்கும் பிள்ளை

எல்லாவற்றினும் சிறந்தது கண்டலின் தாய்மை. மாங்கொட்டை தரையில் விழுந்த பின்னரே முளைக்கும். கண்டலின் வித்தோ மரத்திலிருக்கும்போதே முளைத்துவிடுகிறது. கனியைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் இளங்கன்று, ஒரு சாண் முதல் ஒரு முழத்துக்கு மேலும் நீண்டு, முருங்கைக்காய் போலத் தொங்குகிறது. பல மாதங்கள் அது தாயிடமிருந்தே நீரும் உணவும் பெறுகிறது. பின்னர் விழுந்து சேற்றில் ஊன்றும். அன்றேல் நீரில் மிதந்து சென்று, தக்க ஆழமற்ற இடத்தில் வேர்விடும். மென்மையான முளைப்பருவத்தை உப்பிலும் அலையிலும் கழிக்க நேராதபடி, வளர்ந்த பிள்ளையாகவே உலகிற்கு அனுப்பிவைக்கிறாள் தாய். கண்ணாவின் வித்தும் மரத்திலேயே முளைக்கிறது. ஆனால் அம்முளை கனித்தோலுக்குள் மறைந்திருக்கும்.

நடுதல் எளிது, வளர்த்தல் அரிது

2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கிய பின்னர், இலங்கையின் பல இடங்களில் கண்டல் நடும் முயற்சி பெருகியது. கரையைக் காக்கவும், இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் மடியை மீட்கவும் எழுந்த நல்லெண்ணம் அது. விளைவு என்ன? ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளரும் பிறநாட்டு ஆய்வாளரும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு 23 நடுகைத் தலங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 9 தலங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டெயர் வரை நட்டதில், 200 முதல் 220 ஹெக்டெயர் வரையே தேறியிருந்தது.

காரணம் யாது? நீண்ட கன்று கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. சேற்றில் குத்துவதும் எளிது. ஆகவே நீர்மட்டம் பாராமல், இடத்துக்கேற்ற இனம் தேராமல் பலர் நட்டனர். நட்டபின் பார்ப்பாரும் இலர். ஆடுமாடு மிதித்தன, பாசி மூடியது. நம் நாட்டுக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் ஒரு முழ ஆழ வேறுபாடுங்கூடக் கன்றின் வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது. கல்லாற்று வாயில் போன்ற இடங்களில் இக்கவனம் இன்னும் வேண்டும். மழை தொடங்கியும் வாயில் திறவாதிருப்பின் வாவிநீர் உயர்கிறது. சுவாசவேர்கள் நெடுநாள் மூழ்கிக் கிடப்பின், வளர்ந்த மரமும் மூச்சடைத்து மாளும்.

2015இல் இலங்கை தன் கண்டற்காடுகள் யாவற்றையும் பாதுகாக்கும் திட்டத்தை அறிவித்தது. அது போற்றத்தக்கது. ஆயினும் சட்டம் காவல் நிற்குமேயன்றிக் கன்றுக்கு உரிய இடத்தைத் தெரிந்து கொடாது. அதனைத் தெரிந்துகொள்பவர் கரையில் வாழும் நாமே.

மாணவர்களே, பெரியவர் ஒருவரின் துணையோடு அடுத்த விடுமுறையில் வாவிக்கரைக்குச் செல்லுங்கள். எம்மரம் நீரோரத்தில் நிற்கிறது, எது மேட்டில் நிற்கிறது, தாமாக விழுந்த கன்றுகள் எங்கே வேர்விட்டுள்ளன என்று குறித்துக்கொள்ளுங்கள். கண்டற்கன்று ஒன்றை நட விரும்பினால், தாய்மரம் தன் பிள்ளையை விட்ட இடத்தை முதலிற் பாருங்கள். அவ்விடமே நமக்கும் வழிகாட்டி.