தொண்ணூறைத் தொட்டால் நடுக்கம்

வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் வருஷம் முழுக்க ஓடும் கார் 50ஐத் தாண்டுவது அபூர்வம். காலி வீதி லைட்டுகள் விடுவதில்லை. அந்தக் காருக்கு என்ன வருத்தம் என்பது கனடாவில் இருந்து வரும் மாமியை ஏற்றக் கட்டுநாயக்கவுக்குப் போகிற அன்றைக்குத்தான் தெரியவரும்.

எனக்கும் அப்படித்தான். பேலியகொடையில் கார்டை வாங்கிக்கொண்டு அதிவேகப் பாதையில் ஏறினேன். 80 வரை ஒரு குறையும் இல்லை. 85இல் உள்ளங்கையில் போன் அதிர்வது போல ஸ்டியரிங்கில் ஒரு சின்னத் துடிப்பு. 90இல் அது இடமும் வலமுமாகப் படபடத்தது. டாஷ்போர்டில் கிடந்த பத்து ரூபாய்க் குற்றி நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. 75க்கு இறக்கினேன், ஒன்றும் நடவாத மாதிரி அமைதி. திரும்பி வரும்போது பின் ஆசனத்தில் இருந்து மாமி சொன்னார்: "உங்கட ரோட்டு இன்னும் திருந்தேல்லத் தம்பி."

ரோட்டில் பிழை இல்லை. முத்துராஜவெல சதுப்பு நிலத்தினூடாக 25.8 கிலோமீற்றர் போகும் அந்தப் பாதை 2013 ஒக்டோபரில் திறந்தது. 100 வரை ஓட அனுமதி உண்டு. ஊருக்குள் ஒளித்துக்கொண்டிருக்கும் நோயை வெளியே இழுத்துப் போடும் ஸ்கான் அறை என்றே அதைச் சொல்வேன்.

முதலில் போன கராஜில் காரை ஓட்டிப் பார்க்கவே இல்லை. "எலைன்மென்ட் செய்தால் சரி" என்றார்கள். செய்தார்கள், காசு கொடுத்தேன், அடுத்த ஞாயிறு அதே 90, அதே நடுக்கம். எலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்ற விசயம். அது பிசகினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். அந்தத் தேய்மானம் முற்றினால் பிறகு அதிர்வும் வரலாம். ஆனால் குறிப்பிட்ட வேகத்தில் வந்து குறிப்பிட்ட வேகத்தில் போகும் நடுக்கத்துக்கு அதை முதல் மருந்தாகக் கொடுப்பது, பல் வலிக்குக் கண்ணாடி எழுதிக் கொடுப்பது மாதிரி.

பேலியகொடையில் ஒரு சின்ன டயர் கடை. அங்கிருந்த வயதான பாஸ் பொனட்டைத் திறக்கச் சொல்லவில்லை. "எந்த ஸ்பீட்ல தொடங்குது சேர்? எந்த ஸ்பீட்ல நிக்குது?" என்று கேட்டார். அந்த இரண்டு எண்களுக்குள்தான் முழுக்கதையும் இருக்கிறது.

நிறுத்தத்தில் நிற்கும் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் கண்ணாடி கடகடவென்று அடித்துக்கொள்ளும். டிரைவர் அக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினின் சத்தம் கூடும், கண்ணாடியோ அடங்கிவிடும். எந்தப் பொருளுக்கும் தான் ஆட விரும்பும் ஒரு வேகம் உண்டு. வெளியே இருந்து வரும் தட்டல் அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் அது துள்ளும். தாண்டிப் போனால் கவனிக்காது. இயற்பியலில் இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

காரின் சக்கரமும், அதைத் தாங்கும் ஷொக்கும் ஸ்பிரிங்கும், ரப்பரின் நெகிழ்வும் சேர்ந்தால் அந்த விருப்ப வேகம் பொதுவாக வினாடிக்கு 10 முதல் 15 தடவை. இங்கே ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றில் 175/65 ஆர் 15 என்ற அளவு டயர். அதன் சுற்றளவு சுமார் 1.91 மீற்றர். 90 கிலோமீற்றர் வேகம் என்றால் வினாடிக்கு 25 மீற்றர். வகுத்துப் பாருங்கள், சக்கரம் வினாடிக்கு 13 தடவை சுற்றுகிறது. மாட்டிக்கொண்டது. 12 அங்குல ரிம் போட்ட சின்ன ஓல்டோவில் சக்கரம் சிறியது என்பதால் அதே 13 சுற்று 80க்குக் கிட்டவே வந்துவிடும்.

தட்டுவது யார்? ரிம்மின் ஓரத்தில் 30 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைப்போம். ஒரு சின்னத் தேசிக்காயின் பாரம். 45இல் அது சுமார் ஒரு கிலோ விசையோடு சக்கரத்தை இழுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு: 90இல் கிட்டத்தட்ட 4 கிலோ, அதுவும் வினாடிக்கு 13 தடவை, மேலும் கீழும் முன்னும் பின்னும். முன் சக்கரத்தில் என்றால் அந்த இழுவை ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வரும். 110இல் அடங்கிவிடும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். உண்மைதான், பஸ் கண்ணாடி மாதிரி. ஆனால் விசை குறைவதில்லை, பெயாரிங்கும் போல் ஜொயின்டும் அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். பொலிஸின் வேகக் கருவிக்கும் ஒத்ததிர்வு பற்றிக் கவலை இல்லை.

பாஸ் சக்கரத்தைக் கழற்றிப் பலன்சிங் மெஷினில் ஏற்றும் முன் ரிம்மின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். மழைக்காலச் சேறு அப்பளம் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. பக்கத்தில், முன்பு ஒரு ஈயத்துண்டு இருந்து விழுந்த இடத்தில் வெளிறிய ஒரு சதுரம். சேற்றைச் சுரண்டி, மிச்சமிருந்த பழைய துண்டுகளையும் பிடுங்கிவிட்டு, ரிம்மின் அகலத்தையும் விட்டத்தையும் மெஷினுக்குக் கொடுத்தார். சக்கரம் சுழன்று நின்றது. திரையில் இரண்டு எண்கள்: உள்ளே 35 கிராம், வெளியே 15. ஏன் இரண்டு? ஒரே பக்கத்தில் எடை வைத்தால் மேல் கீழ் துள்ளல் நிற்கலாம். ஆனால் உள் ஓரமும் வெளி ஓரமும் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்தால் சக்கரம் தலையாட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்கை ஆட்டுவதில் அந்தத் தலையாட்டலுக்குப் பெரிய பங்கு. சுத்தியலால் இரண்டு தட்டு, மறுபடி ஒரு சுழற்சி, பூச்சியம், பூச்சியம்.

எல்லா நடுக்கத்துக்கும் இந்த மெஷின் பதில் சொல்லாது. பிரேக் பிடித்தால் மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள், பெரும்பாலும் வளைவதில்லை. அதன் தடிப்பு இடத்துக்கு இடம் மாறியிருக்கும். ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு மாறினாலே கால் உணரும். அக்ஸிலேட்டரை அழுத்தும்போது நடுங்கி, விட்டால் நின்றால் டிரைவ் ஷாப்டின் உட்பக்க ஜொயின்ட். வளைவில் திரும்பும்போது ஹூம் என்ற இரைச்சல் கூடிக் குறைந்தால் பெயாரிங். 30, 40இலேயே கார் நொண்டி நொண்டிப் போனால் தாமதிக்காதீர்கள். டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம், அது வெடிக்கக்கூடியது.

நின்ற கார்களுக்கு என்று தனி வருத்தம் உண்டு. 2022இல் பெற்றோலுக்குக் கியூ ஆர் பங்கீடு வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆன நாட்களில் பல கார்கள் வீட்டு வாசலிலேயே தவம் கிடந்தன. ஒரே இடத்தில் நிற்கும் டயரின் அடிப்பாகம் தட்டையாகிவிடும். கொஞ்ச நாள் என்றால் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிச் சூடேறியதும் வட்டம் திரும்பும். மாதக்கணக்கு என்றால் சில டயர்கள் திரும்புவதே இல்லை. அதோடு 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியாருக்குத் திரும்பவும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இருப்பதையே உருட்டிக்கொண்டிருந்த ஊர் இது.

என் கதை பூச்சியத்தோடு முடியவில்லை. ஹைவேயில் ஏறிப் பார்த்தேன், நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது, போகவில்லை. பாஸிடம் திரும்பினேன். அவர் முன் சக்கரம் இரண்டையும் பின்னுக்கும், பின் சக்கரம் இரண்டையும் முன்னுக்கும் மாற்றிப் போட்டு, "இப்ப ஓடிட்டு வந்து எங்க ஆடுது எண்டு மட்டும் சொல்லுங்க" என்றார். ஓடினேன். 90இல் ஸ்டியரிங் பாறை மாதிரி நின்றது. ஆசனத்தின் கீழ் நடுக்கம்.

நோய் காரில் இல்லை, பின்னுக்குப் போன சக்கரம் ஒன்றில் என்பது அத்தோடு உறுதி. பின்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஒரு ஸ்க்ரூ டிரைவரை டயருக்கு ஒரு நூல் இடைவெளியில் பிடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். இடப்பக்கத்தில் இடைவெளி மாறவே இல்லை. வலப்பக்கத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ரப்பர் வந்து ஸ்க்ரூ டிரைவரைத் தட்டியது. எடை சமமாக இருந்தது, வட்டம்தான் வட்டமாக இல்லை. மெஷின் எடையை மட்டுமே பார்க்கும். பாஸ் அந்த மேட்டைச் சோக்கால் குறித்துவிட்டு, டயரின் பக்கத்தில் துடைத்து நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 2214. 2014ஆம் ஆண்டின் 22ஆம் கிழமையில் செய்தது. ட்ரெட் இன்னும் நன்றாகவே இருந்தது. அதை நம்பித்தான் நானும் இத்தனை நாள் ஓடியிருக்கிறேன்.